திரி காயக் கூடாது

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் நெருப்பு தெரிந்ததும் திருவண்ணாமலையே கையெடுத்துக் கும்பிடும். அப்பாவும் கும்பிடுவார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள், "இன்னிக்குக் காத்து ஜாஸ்தி, திரி நல்லா நெய்ல ஊறியிருக்கணும்" என்பார். பக்தியா தொழிலா என்று பிரிக்க முடியாத குரல் அது. ஆளுயரத்தை நெருங்கும் செப்புக் கொப்பரை, சுமார் 3,500 கிலோ நெய், 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணித் திரி, பர்வதராஜகுலத்தார் ஏற்றும் நெருப்பு, பதினோரு நாள். எல்லாருக்கும் அது ஜோதி. அப்பாவுக்கு அது ஜோதியும்தான், ஊரிலேயே பெரிய விளக்கும்தான்.

அவர் சின்னக்கடைத் தெருப் பக்கம் ஒரு சந்தில் பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு விட்டவர். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி வைத்திருந்தாரே, அதே மாதிரிக் கடை. செந்தில் மேண்டிலை உடைக்கும் காட்சியை டிவியில் எத்தனை முறை போட்டாலும் அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. "ஒரு மேண்டில் இன்னா வெல தெரியுமா" என்று எழுந்து போய்விடுவார். போளூர், கலசபாக்கம் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடந்தால் ராத்திரி முழுக்க எங்கள் லைட்டுகள்தான் எரியும். பகலில் திரி ஸ்டவ், பம்பு ஸ்டவ், அரிக்கேன் விளக்கு ரிப்பேர். வேலை நடக்கும் நேரமெல்லாம் வாயில் பீடி. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு.

இந்தக் கட்டுரை வேப் டேங்க் பற்றியது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்குள் இருக்கும் காயிலை எப்படிப் பராமரிப்பது என்பதில் என் வாழ்க்கையின் ஐந்தாறு வருஷங்கள் போயிருக்கின்றன. அதைச் சொல்ல விளக்குக்கடையில் தொடங்கியதற்குக் காரணம், அந்தக் கருவியை எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் அப்பா என்பதுதான்.

2017 பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இரண்டு டேங்க் வாங்கி வந்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. இன்ஜினியரிங் முதல் வருஷம் ஹாஸ்டல் மாடியில் தொடங்கிய சிகரெட் அப்போது எனக்குப் பத்து வருஷத்தைத் தாண்டியிருந்தது. சென்னையில் அன்று இந்தச் சாமான்கள் வெளிப்படையாகவே கிடைத்தன. வாங்குவதற்கு முன் மூன்று வாரம் படித்தேன். சாஃப்ட்வேர்காரன் எதையும் சும்மா வாங்க மாட்டான். ஒரு எக்செல் போடுவான்.

அந்த எக்செல்லில் இருந்தது இதுதான். டேங்க் என்பது திரவம் நிற்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். நடுவில் காயில்: பஞ்சு சுற்றிய ஒரு கம்பிச்சுருள். பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது, பேட்டரி கம்பியைச் சூடாக்குகிறது, திரவம் ஆவியாகிறது. திரவத்தில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிகோடின். எதுவும் எரிவதில்லை. அதனால் தார் இல்லை, கார்பன் மோனாக்சைடும் பீடி, சிகரெட் அளவுக்கு வராது.

எந்த டேங்க் என்பதை முடிவு செய்வது ஆள் எப்படி இழுக்கிறார் என்பதுதான். பீடியை இழுப்பவர் முதலில் வாயில் நிறுத்தி, பிறகு உள்ளே விடுவார். பீடி இலை காற்றை எளிதில் விடாது. விட்டால் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி அழுத்தி இழுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்குக் காற்றுத்துளை குறுகலான டேங்க், 1.5 ஓமுக்கு மேல் உள்ள காயில், தண்ணியான திரவம். ஷிஷா இழுப்பதுபோல நேராக நுரையீரலுக்கு இழுப்பவருக்கு அகலமான துளை, அரை ஓமுக்குக் கீழே காயில், கிளிசரின் மிகுந்த கெட்டித் திரவம். பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே வேலைக்கு வரும். 3.7 வோல்ட்டில் 1.8 ஓம் காயில் 7.6 வாட் எடுக்கும். அதே பேட்டரியில் 0.2 ஓம் போட்டால் 68 வாட், 18 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம். தாங்காத பேட்டரியாக இருந்தால் பாக்கெட்டிலேயே வெடிக்கலாம். பிளாஸ்டிக் டேங்க் வேண்டாம், எலுமிச்சை, பட்டை வாசனைத் திரவங்கள் சில பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். கண்ணாடிதான் நல்லது.

அப்பாவிடம் நீட்டினேன். திண்ணையில் தினத்தந்தியை விரித்து, ஐந்து நிமிஷத்தில் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டார்.

"இன்னாடா இது, டாக்டர் குழா மாரி கீது?"

"சிகரெட் மாதிரிப்பா. ஆனா நெருப்பு கிடையாது. வர்றது புகையில்ல, ஆவி."

"திரி எங்க கீது?"

காயிலைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "எண்ணெய்த் தொட்டி, திரி, சூடு. அவ்ளோதான? திரி காயக் கூடாது. காஞ்சா காந்திரும்."

மூன்று வாரம் நான் படித்ததன் சாரம் அதுதான். புதுக் காயிலைப் போட்டதும் பஞ்சுத் துளைகளில் சில சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். முதலில் குறைந்த வாட்டில் தொடங்க வேண்டும். இழுப்புக்கு இழுப்பு இடைவெளி விட வேண்டும், பஞ்சு மறுபடி நனைய நேரம் வேண்டுமே. டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்குமுன் நிரப்ப வேண்டும். பஞ்சு காய்ந்தால் கருகும். கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின் என்ற, தொண்டையை அறுக்கும் நச்சு வரும். இனிப்புத் திரவம் கம்பியில் கருப்பாகப் பாகு கட்டும். ஒன்று இரண்டு வாரத்தில் காயிலை மாற்ற வேண்டும். கழுவிக் காயவைத்தாலும் பழையபடி வராது. கண்ணாடியையும் ரப்பர் வளையத்தையும் வெந்நீரில் கழுவினால் போதும்.

அந்தக் கம்பிக்கும் ஒரு கதை உண்டு. கரண்டில் செந்தணலாகப் பழுத்தாலும் சீக்கிரம் துருப்பிடித்து உதிராத கம்பி மனிதனிடம் நெடுநாள் இருக்கவில்லை. அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கல்–குரோமியம் கலவைக்கு 1906-ல் காப்புரிமை வாங்கினார். உங்கள் வீட்டு டோஸ்டர், ஹீட்டர் எல்லாம் அந்த நிக்ரோமின் பேரப்பிள்ளைகள். பிறகு சுவீடனில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்து இன்னும் அதிகச் சூடு தாங்கும் கம்பி செய்தார். தன் பெயரின் முன்பாதியையும் ஹால்ஸ்டாஹம்மார் என்ற ஊரின் தலையையும் சேர்த்து அதற்கு வைத்த பெயர், தமிழில் எழுதினால், காந்தல். நம் ஊரில் சட்டியின் அடியில் கருகி ஒட்டும் சோற்றுக்கும் அதுதான் பெயர். இது வெறும் தற்செயல். ஆனாலும் காய்ந்த காயிலை ஒருமுறை இழுத்தவனுக்கு மறக்காது.

*

அப்பா பீடியை விட்டார். ஒரே நாளில் இல்லை. மாசி போய்ப் பங்குனி வரும்போது இரண்டு கட்டு அரைக்கட்டாகி, பிறகு ஒன்றுமில்லாமல் ஆனது. அம்மா தலையணை உறையைத் தோய்க்கும்போது முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் போனில் சொன்னாள். நான் ஆபீஸ் பால்கனியில் என் டேங்கை இழுத்தபடி அதைக் கேட்டேன். பெருமையாக இருந்தது. ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட இன்ஜினியரின் பெருமை.

அந்தப் பெருமைக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. போர்த்துகீசியர் கொண்டுவந்த புகையிலை பீஜப்பூரில் பரவியிருந்தது. அங்கே தூது போன அஸாத் பேக் 1604 வாக்கில் அதையும் நகை பதித்த ஒரு குழாயையும் கொண்டுவந்து அக்பர் முன் வைத்தார். அக்பர் சில இழுப்பு இழுத்தார். அரண்மனை வைத்தியர்களுக்குள் விவாதம் வந்தது. புகையைத் தண்ணீர் வழியே இழுத்தால் கெடுதல் போகும் என்று ஹக்கீம் அபுல் ஃபத் கீலானி சொன்னதாகவும், அப்படித்தான் ஹூக்கா பிறந்ததாகவும் ஒரு கதை இன்றுவரை புழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஹக்கீம் இறந்தது 1589-ல். புகையிலை அக்பரின் சபைக்கு வருவதற்குப் பதினைந்து வருஷம் முன்னால். கணக்கு உதைக்கிறது.

கதை பொய்யாகவே இருக்கட்டும். ஏன் இந்தப் பொய்யை எல்லாரும் விரும்பினார்கள்? ஹூக்காவைக் கண்டுபிடித்தவர் ஒரு வைத்தியராக இருக்க வேண்டும் என்று இழுப்பவர்களுக்கு ஆசை. தண்ணீர் கழுவிவிடுகிறது என்றால் நிம்மதியாக இழுக்கலாம். ஜஹாங்கீர் 1617-ல் புகையிலைக்குத் தடை போட்டார். தடையைத் தாண்டி ஹூக்கா தங்கிவிட்டது.

இதே ஆசை 1950-களில் ஃபில்டராக வந்தது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளியே தெரிந்து ஜனங்கள் பயந்த நேரம். அமெரிக்காவில் 'கென்ட்' சிகரெட், ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பு என்ற விளம்பரத்தோடு 'மைக்ரோனைட்' ஃபில்டரை 1952-ல் இறக்கியது. அந்த ஃபில்டருக்குள் 1956 வரை இருந்தது கல்நார். ஆமாம், ஆஸ்பெஸ்டாஸ்தான்.

புகையில்லாமல் ஆவியை இழுக்கும் யோசனையும் பழசு. பென்சில்வேனியாவின் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-ல் விண்ணப்பித்து 1965-ல் காப்புரிமை வாங்கினார். அதில் நிகோடின்கூடக் கிடையாது, வாசனையும் ஈரமும் மட்டும்தான். யாரும் தயாரித்து விற்கவில்லை. பிறகு சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003-ல் இன்றைய மின் சிகரெட்டின் முன்னோடியைச் செய்தார். அவரும் விடாமல் சிகரெட் பிடித்தவர். அவருடைய அப்பாவும், அந்த அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் அப்பா, அவர். என் அப்பா, நான்.

பீடிக்கும் சுருட்டுக்கும் பராமரிப்பு இல்லை. குடியாத்தம் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றி நூல் கட்டும் பீடியைப் பற்றவைக்கிறோம், இழுக்கிறோம், எறிகிறோம். ஆங்கிலத்துக்கு 'செரூட்' என்ற சொல்லையே கொடுத்த நம் சுருட்டும் அப்படித்தான். சாம்பலைத் தட்டும்போது நாம் கெட்ட காரியம் ஒன்று செய்கிறோம் என்பது தெரியும். டேங்க் அப்படியில்லை. அதைக் கழுவுகிறோம், துடைக்கிறோம், காயில் மாற்றுகிறோம், வாட்டைத் திருத்துகிறோம். பொறுப்பான ஒரு வேலையைச் செய்யும் உணர்வு வருகிறது. என் எக்செல்லில் காயில் மாற்றிய தேதி ஒவ்வொன்றும் இருந்தது. எந்தத் திரவத்தில் காயில் எத்தனை நாள் நிற்கிறது என்று சராசரி போட்டு வைத்திருந்தேன். ஒரே ஒரு நெடுவரிசைதான் இல்லை: இதை என்றைக்கு நிறுத்தப் போகிறேன்?

*

தமிழ்நாடு அரசு 2018-ல் மின் சிகரெட்டைத் தடை செய்தது. மறுவருஷம் செப்டம்பர் 18-ம் தேதி ஒன்றிய அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிருபர்களிடம் அறிவித்தார். டிசம்பரில் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி என்றால் மூன்றாண்டு, ஐந்து லட்சம்.

காரணம் இல்லாத சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதே மாதங்களில் அங்கே நுரையீரல் பாதித்து ஆட்கள் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், 68 சாவு. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு அதற்கு வலுவான தொடர்பு இருந்தது பிறகு தெரிந்தது. பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அன்று சாயங்காலமும் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் பீடிக்கட்டு சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று வயதில் அதிலிருந்து இறங்கி வந்த ஒரு ஆளுக்கு இந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

அப்பாவிடம் ஐந்து காயில் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றையும் மூன்று வாரம் ஓட்டினார். கடைசிக் காயில் கருகியதும் விளக்குக்கடைப் பழக்கத்தில் அதைத் திறந்து, கருகின பஞ்சை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு, மருந்துக்கடைப் பஞ்சைத் திரித்து உள்ளே வைத்தார். பெட்ரோமாக்ஸ் நிப்பிளில் அடைப்பெடுத்த அதே விரல்கள். அது இன்னும் இரண்டு வாரம் ஓடியது. பிறகு அதுவும் காந்திவிட்டது. பழைய மேண்டில், பின், பம்பு வாஷர் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் டேங்கைப் போட்டு மூடினார். அடுத்த வாரம் அம்மா போன் பண்ணினாள். தலையணையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

எனக்குக் காயில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. சென்னையில் எல்லாம் கிடைக்கும், மூன்று மடங்கு விலையில், எங்கே செய்தது என்று தெரியாமல். அதில் ஒரு பாக்கெட்டை ஊருக்கு ஏன் கொண்டுபோகவில்லை? பயம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கிடைப்பதே கம்மி, எனக்கு வேண்டும்.

2022 ஆகஸ்டில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வருஷக்கணக்கான புகையில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் நாள் அவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டும். நான் பின்பக்கப் படிக்கட்டில் இருந்தேன். காயில் கருகல் வாடை அடித்தது. அதைக் கழற்றி, புதுசு போட்டு, பஞ்சில் சொட்டு விட்டு, பத்து நிமிஷம் ஊறட்டும் என்று போனில் மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரி காயக் கூடாதல்லவா. மேலே நர்ஸ் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், கூட யாரும் இல்லை. அப்பாவே சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றிருக்கிறார். நான் மேலே போனபோது வார்டு பையன்தான் தள்ளிக்கொண்டு போனான் என்றார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பாவுக்கு என் சட்டையில் மாம்பழ வாசனை அடித்திருக்கும். "காயில் மாத்தினியா?" என்று மட்டும் கேட்டார்.

*

அதற்குப் பிறகுதான் ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். லண்டனில் பீட்டர் ஹாயெக் குழு 886 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்டது. சிகரெட்டை விட விரும்பியவர்களில் ஒரு பாதிப்பேருக்கு மின் சிகரெட், மறு பாதிப்பேருக்கு நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை. ஒரு வருஷம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் குழுவில் 18 சதவீதம், இரண்டாவதில் 9.9. அப்பாவின் 2017 பொய்யில்லை, கருவி வேலை செய்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருந்தது. சிகரெட்டை விட்ட அவர்களில், கொடுத்த சாதனத்தை ஒரு வருஷம் கழித்தும் விடாமல் வைத்திருந்தவர்கள் மின் சிகரெட் குழுவில் 80 சதவீதம். பட்டை, சூயிங்கம் குழுவில் 9 சதவீதம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். புள்ளிவிவரம் அவருக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். ஆர்வமாகக் கேட்டார். "வாடகைக்கு எடுத்த லைட்டு நூத்துல எம்பது திரும்பி வரலன்னா கட அன்னிக்கே மூடணும்டா" என்றார்.

ஹூக்காவையும் ஃபில்டரையும் டேங்கையும் செய்தவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு கெடுதலைக் குறைக்கத்தான் நினைத்தார்கள், அல்லது நினைத்ததாகச் சொன்னார்கள். யாரும் அதற்குத் திரும்பும் தேதி எழுதவில்லை. விற்பவனுக்கு எழுத அவசியமில்லை. இழுப்பவனுக்கு எழுத மனசில்லை. அரசு தேதியே இல்லாமல் பிடுங்கிக்கொண்டது, பீடியை மட்டும் விட்டுவிட்டு. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு நாலாவது வழி அப்பாவின் பரணில் இருந்தது.

அது அவருடைய வாடகை நோட்டு. கறுப்பு அட்டை, நீள நோட்டு. பெயர், ஊர், எத்தனை லைட், கொடுத்த தேதி, வந்த தேதி. அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் கடைசி எழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதினார். லைட் ஒன்று. கொடுத்த தேதி என்ற இடத்தில் 2017 ஜனவரி. வந்த தேதியை என்னைச் சொல்லச் சொன்னார். அந்த வருஷம் தீபம் டிசம்பர் 6. அதைச் சொன்னேன். பென்சிலால் எழுதினார்.

நிகோடின் அளவை 12-லிருந்து 6, 6-லிருந்து 3 என்று இறக்கினேன். இடையில் இரண்டு மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம். சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்கும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசினேன். பத்து வருஷமாக அந்தப் பாக்கெட்டுகளோடு வாழ்ந்தவன் அந்த எண்ணை அன்றுதான் முழுசாகப் படித்தேன்.

டிசம்பர் 6-க்குத் திருப்பித் தர முடியவில்லை. மலையில் தீபம் ஏறும்போது அது என் பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்தது. 2023 பிப்ரவரி 19, மகா சிவராத்திரிக்கு மறுநாள், கண்ணாடியைக் கழுவித் துடைத்து, காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் டேங்கை அப்பாவிடம் கொடுத்தேன். பிஸ்கட் டின்னில் அவருடைய டேங்கோடு அதையும் போட்டார். பென்சில் தேதியை அழித்து, பேனாவால் புதுசு எழுதினார்.

"எழுவத்தஞ்சு நாள் லேட்டு. வாடகை யார் குடுப்பா?" என்றார். பிறகு இன்ஹேலரை எடுத்து, மூடியைத் துடைத்து, குலுக்கி, அளந்து இரண்டு இழுப்பு இழுத்தார்.